கஞ்சிக்கோட்டில் என்னைக் கவிழ்த்த ஒரு வரி

ஒரு ஃபேக்டரி மெஷினின் மோட்டார்களை லினக்ஸ் பிசியிலிருந்து ஈதர்கேட் என்ற நெட்வொர்க் வழியாக ஓட்டும் வேலை. கோவை ஆபீசில் மேசை மேல் வைத்து ஒரு வாரம் ஓட்டினேன், ஒரு ஃபிரேம்கூட, அதாவது ஒரு டேட்டா பொட்டலம்கூடத் தவறவில்லை. இன்டெல் லேன் கார்டு, பேட்ச் போட்ட டிரைவர், ஃபிரேம் வந்ததும் கார்டு கூப்பிடும் இன்டரப்ட்டே இல்லாமல் 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை (அதுதான் ஒரு சைக்கிள்) ஃபிரேம் வந்து நிற்கும் ரிங்கை நாமே எட்டிப் பார்க்கும் போலிங் முறை, எல்லாம் சொன்னபடி கேட்டன. அந்தத் தைரியத்தில்தான் வாளையாரைத் தாண்டி, பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் இருக்கும் ஃபேக்டரிக்குப் போனேன்.

ஈதர்கேட்டை ஓடவைக்கும் முன் ஃபேக்டரி கேட்டைத் தாண்ட வேண்டுமே! லேப்டாப் சீரியல் நம்பர் பாஸில் இல்லை என்று செக்யூரிட்டி சேட்டன் நிறுத்திவிட்டார். ஸ்டோர்ஸில் கேட்டால் பர்ச்சேஸ் வேலை என்றார்கள். பர்ச்சேஸில் கேட்டால் ஸ்டோர்ஸ் வேலை. கையெழுத்து கிடைத்தபோது மணி மூன்றரை. ஷிப்ட் மாறும் நேரத்தில் மெஷினைத் தர மாட்டார்களாம். அன்றைக்கு அவ்வளவுதான். நீங்கள் போவதாக இருந்தால் லேப்டாப், கார்டு, யுஎஸ்பி கன்வெர்ட்டர் வரை எல்லா நம்பரையும் முந்தின நாளே மெயிலில் அனுப்பிவிடுங்கள்.

அடுத்த தடவை மெஷின் ஓடியது, இருபது நிமிடம். அப்புறம் மோட்டார்களை இயக்கும் சர்வோ டிரைவ் மொத்தமும், ஃபிரேம் நேரத்துக்கு வரவில்லை என்று சிங்க் எரர் காட்டி நின்றுவிட்டது. “கேபிளாத்தான் இருக்கும் சார்” என்றார் ஷிப்ட் இன்சார்ஜ், கொழிஞ்சாம்பாறைக்காரர். நானும் தலையாட்டிக்கொண்டு பகல் முழுக்க கேபிள் மாற்றினேன். சாயங்காலம்தான் ஸ்லேவ்களின், அதாவது நெட்வொர்க்கில் கோத்திருக்கும் டிரைவ்களின், சிஆர்சி எரர் கவுண்டரைப் பார்க்கத் தோன்றியது; வழியில் டேட்டா கெட்டால் ஏறும் எண் அது. அத்தனையும் பூஜ்யம், கேபிளில் குற்றமே இல்லை.

மூன்றாம் தடவை, த்ரெட் எவ்வளவு லேட்டாக எழுகிறது என்று அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் என்ற டூலை ஓட்டினேன். அதிகபட்சம் 40 மைக்ரோசெகண்ட். லினக்ஸின் மையமான கர்னல் சுத்தம் என்று நினைத்தேன், அங்கேதான் ஏமாந்தேன். அந்த டூல் ஓடும்வரை சிபியுவை ஆழ்ந்த தூக்கத்துக்குப் போக விடாது. அதை நிறுத்தியதும் சிபியு பழையபடி தூங்கும், எழுந்துவர நேரம் எடுக்கும், நம் ஃபிரேம் லேட்டாகும். ஆபீஸ் பிசியின் பயாஸில் இந்தத் தூக்கத்தை, சி-ஸ்டேட் என்பார்கள், எப்போதோ அணைத்திருந்தேன். இங்கே யாரும் அணைக்கவில்லை.

ஆனால் அந்தச் சின்னத் தாமதத்துக்கெல்லாம் டிரைவ் நிற்காது. நிறுத்தியது நான். ஃபிரேம் லேட்டானால் தெரியட்டுமே என்று லேன் கார்டு டிரைவரின் ரிசீவ் பாதையில் ஒரு பிரிண்ட்கே வரி, அதாவது கர்னலிலிருந்து மெசேஜ் அச்சிடும் வரி, எழுதி வைத்திருந்தேன். சைட் பிசியில் அந்த மெசேஜை எழுத்து எழுத்தாக வெளியே அனுப்பும் சீரியல் கன்சோல் 115200 பாடில், அதாவது வினாடிக்கு 115200 பிட் வேகத்தில், திறந்திருந்தது. பழைய கர்னல் வேறு, எழுதி முடிக்கும்வரை த்ரெட் அங்கேயே நிற்கும். ஒரு எழுத்துக்கு 10 பிட், 80 எழுத்து வரி வெளியே போக ஏறக்குறைய 7 மில்லிசெகண்ட். ஏழு சைக்கிள் காலி! ஒன்றிரண்டு தவறினால் இந்த டிரைவ் பொறுத்துக்கொள்ளும், ஏழைப் பொறுக்காது. திருடனைப் பிடிக்க வைத்த ஆளே திருடன். ஆபீசில் சீரியல் கன்சோலே கிடையாது, எப்படித் தெரியும்?

சி-ஸ்டேட்டை அணைத்தேன். பிரிண்ட்கேயை எடுத்துவிட்டு ஒரு கவுண்டரை மட்டும் கூட்டச் சொன்னேன். அதைப் படித்து லாகில் எழுதுவது தனி த்ரெட்டின் வேலை, அதுவும் கடைசி முன்னுரிமையில். நேரம் தவறவே கூடாத ரியல்டைம் பாதையில் மெமரி கேட்கக் கூடாது என்பது இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். பிரிண்டும் கூடாது என்பதை நான் இப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

நைட் ஷிப்ட் முழுக்க மெஷின் நிற்கவில்லை. விடியற்காலையில் இன்சார்ஜ் கட்டன் சாயா வாங்கிக் கொடுத்தார்.

அதே கேட், அதே சேட்டன். பாஸில் லேன் கார்டு என்று இருக்கிறது, பையில் இல்லை. அது மெஷினுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். கையெழுத்து வேண்டும் என்றார். ஸ்டோர்ஸ் திறக்க ஒன்பது மணியாகுமாம்.