ஆட்டிசமும் முகக்குறிப்பும்: தவறு அட்டையில் இருக்கிறது

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு உணர்ச்சிகளைச் சொல்லித்தர நாம் முதலில் எடுப்பது சிரித்த முகம், அழுத முகம், கோப முகம் போட்ட அட்டைக் கட்டைத்தான். கொஞ்ச நாளில் குழந்தை எல்லா அட்டைக்கும் டக்டக்கென்று பெயர் சொல்லிவிடும். ஆனால் தலைவலியோடு பேசாமல் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முகம் பிடிபடாது. "இவ்வளவு சொல்லிக்கொடுத்தும் முகம் பார்க்கத் தெரியலையே" என்று பழி குழந்தைமேல் விழும்.

அட்டையில் இருப்பது கேமராவுக்காக உச்சத்தில் நிறுத்திப்பிடித்த முகம். நிஜ முகத்தில் உணர்ச்சி லேசாக வந்து, சட்டென்று மாறி, இன்னொன்றோடு கலந்துவிடும். குழந்தை கற்றது அட்டையை.

குழப்பம் எங்கே வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பயத்திலும் ஆச்சரியத்திலும் புருவம் ஏறும், கண் விரியும், வாய் திறக்கும். பயத்தில் மட்டும் ஏறிய புருவங்கள் ஒன்றையொன்று நெருங்கும், உதடு பக்கவாட்டில் இழுபடும். ஆச்சரியத்தில் புருவம் வளைந்து நிற்கும், தாடை தளர்ந்து தொங்கும். கோபத்திலும் அருவருப்பிலும் புருவம் இறங்கக்கூடும். மூக்கு சுருங்கி மேலுதடு தூக்கினால் அருவருப்பு. ஆட்டிசம் இல்லாதவர்களும் இந்த இரண்டு ஜோடிகளில்தான் அடிக்கடி தடுமாறுகிறார்கள்.

அப்படியானால் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது, ஆனால் பேசப்படும் அளவுக்கு இல்லை. அதுவரை வந்த ஏறத்தாழ 50 ஆய்வுகளைச் சேர்த்து 2013இல் ஒரு கணக்குப் போட்டார்கள். வித்தியாசம் தெரிந்த ஆய்வுகளே அதிகம் அச்சேறுகின்றன என்பதையும் கணக்கில் எடுத்தபோது, முதலில் பெரிதாகத் தெரிந்த இடைவெளி ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. மகிழ்ச்சியை அடையாளம் காண்பதில் வித்தியாசம் மிகக் குறைவு. பயத்தில் அதைவிட அதிகம்.

அதே 2013இல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிட முக்கியமானது என்பேன். தன் உணர்ச்சி இன்னதென்று தனக்கே பிரித்துச் சொல்ல முடியாத நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு இது உண்டு. மற்றவர்களில் சுமார் 5 சதவீதம்தான். முகம் படிப்பதில் வந்த சிரமம் இந்த அலெக்ஸிதைமியாவோடு சேர்ந்து போனதே தவிர, ஆட்டிசத்தோடு போகவில்லை என்பது அந்த ஆய்வின் முடிவு. படபடப்புக்கும் பசிக்கும் தன் உடம்பிலேயே வேறுபாடு தெரியாதவருக்கு, எதிரே இருப்பவர் முகத்தில் அதைத் தேடச் சொன்னால் எப்படி? அந்தக் குழந்தைக்கு அட்டைக்கு முன்னால் வேறு பாடம் வேண்டும்: "வயிறு எப்படி இருக்கு? இறுக்கமா, லேசா? கை சூடா, ஜில்லுனு இருக்கா?"

எல்லாவற்றையும் அலெக்ஸிதைமியா தலையில் கட்டிவிடவும் முடியாது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அசையும் முகங்களை வைத்து 2022இல் செய்த ஆய்வில், அதைக் கழித்த பிறகும் இயல்பான வேகத்தில் வரும் கோபத்தைப் பிடிப்பதில் வித்தியாசம் மிஞ்சியது.

பரிசோதனைகளையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். கண் பகுதியை மட்டும் காட்டும் பிரபலமான பரிசோதனை ஒன்று உண்டு. 2001இல் திருத்தி வெளியிட்ட வடிவத்தில் 36 கறுப்பு வெள்ளைப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு சொற்கள். அதன் மாதிரிப் படத்துக்கே பொறாமை, பதற்றம், ஆணவம், வெறுப்பு ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். முகத்தறிவை மட்டுமா சோதிக்கிறது, சொல்வளத்தையும் சேர்த்துத்தானே!

"கண்ணைப் பார்த்துப் பேசு" என்ற அதட்டலை முதலில் விட்டொழிக்க வேண்டும். கண்ணையே பார்க்கும்படி செய்து 2017இல் மூளையை ஸ்கேன் எடுத்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையில் உணர்ச்சியைக் கையாளும் அடிப்பகுதிகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டன. பலர் பார்வையைத் திருப்புவது அக்கறையின்மையால் அல்ல, தாங்க முடியாததால். கண்ணைப் பார்ப்பதிலேயே கவனம் போய்விட்டால் காதில் விழும் வார்த்தை நழுவும். மூக்கையோ நெற்றியையோ பார்த்தால் போதும், எங்கும் பார்க்காவிட்டாலும் குடிமுழுகிப் போகாது.

இந்தப் பேச்சில் மறுபக்கம் எப்போதும் விடுபட்டுவிடுகிறது. ஆட்டிசம் உள்ளவரின் முகத்தை மற்றவர்கள் சரியாகப் படிக்கிறார்களா? அதுவும் சறுக்கல்தான் என்று 2016இல் வந்த ஆய்வுகள் காட்டின. புரியாமை இருவழிப் பாதை என்று, தானும் ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் 2012லேயே எழுதினார். 2017 ஆய்வு ஒன்றில் சில விநாடி வீடியோ பார்த்த உடனேயே ஆட்டிசம் உள்ளவரோடு பழகப் பலரும் தயங்கினார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் பேசியதை எழுத்தாக மட்டும் கொடுத்தபோது அந்தத் தயக்கம் காணாமல் போனது. நேர்முகத் தேர்வில் 'கண் தொடர்பு', 'முகபாவம்' என்று மதிப்பெண் கட்டம் வைத்திருப்பவர்கள் அந்தக் கட்டங்களை இன்றே எடுத்துவிடலாம். கேள்விகளை முந்தைய நாளே எழுத்தில் அனுப்பினால் இன்னும் நல்லது.

வீட்டில் செய்ய வேண்டியது அதைவிட எளிது. அட்டைக்குப் பதில் பாட்டி, மாமா, பக்கத்து வீட்டு அக்கா என்று தெரிந்த முகங்களைப் போனில் பத்து விநாடி எடுங்கள். முதலில் பாதி வேகத்தில், பிறகு இயல்பான வேகத்தில் ஓடவிடுங்கள். அதற்குமுன் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சூழல் தெரியாமல் முகத்தை மட்டும் வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அன்றாடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குழந்தையே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். "எனக்கு உன்மேல கோபம் இல்லடா, தலை வலிக்குது, பத்து நிமிஷம் கழிச்சுப் பேசறேன்" என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.