அரசாங்க மரத்துக்கு எங்கள் வீட்டில் வழக்கு

வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து மாமாவும் அத்தையும் பேசிக்கொள்வதில்லை. பேச்சுவார்த்தை எல்லாம் என் வழியாகத்தான். "உங்க மாமாவுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்று அத்தை அடுப்படியிலிருந்து சொல்ல, ஆறடி தூரத்தில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கும் மாமா, "கருகாம இருந்தா ஒண்ணு போடச் சொல்லு" என்று என்னிடம் சொல்கிறார். பரமக்குடி வீடு என்றால் ஆளுக்கொரு திண்ணை பிடித்துக்கொள்ளலாம். பஹ்ரைன் தலைநகர் மனாமாவின் குதைபியாவில் இந்த இரண்டு அறை ஃபிளாட்டில் கோபித்துக்கொள்ளக்கூட இடம் கிடையாது. இத்தனைக்கும் சண்டை சொத்துக்காக இல்லை, சின்ன நாத்தனார் விஷயமும் இல்லை. ஒரு மரத்துக்காக. அதுவும் பஹ்ரைன் அரசாங்கத்து மரம்.

"இந்த ஊர்ல பாக்க என்ன இருக்கு, அரை நாள்ல முடிஞ்சிரும்" என்று சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யுனெஸ்கோ பட்டியலிலேயே மூன்று இடம் இருக்கிறது: பஹ்ரைன் கோட்டை, முஹர்ரக்கின் முத்துக்குளிப்புப் பாதை, இங்கே இருந்த தில்முன் என்ற பழங்கால நாகரிகத்தின் புதைமேடுகள். அதனால் மாமாவும் அத்தையும் ஜனவரிக் குளிருக்கு வருகிறார்கள் என்றதும் நான் ஒரு திட்டம் போட்டு, பிரிண்ட் எடுத்து, ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியே விட்டேன். இவர் அதைப் பார்த்துவிட்டு "பரீட்சை டைம்டேபிளா?" என்றார். இவருக்கு எல்லாம் கிண்டல்தான். அவருடைய அப்பா அம்மாவை ஊர் சுற்றிக் காட்ட நான் மண்டையை உடைத்துக்கொள்கிறேன், அவர் சோபாவில் படுத்துக்கொண்டு கமெண்ட் அடிக்கிறார்.

ஆரம்பம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. மனாமா சூக்கில், அதாவது பழைய கடைத்தெருவில் இருக்கிற கிருஷ்ணர் கோயிலுக்கு வந்த மறுநாளே போய்விட்டோம். இருநூறு வருஷத்துக்கு மேல் பழசு, சிந்தி வியாபாரிகள் கட்டியது என்றதும் அத்தை, "அப்ப நம்ம ஊர்ல பாதி கோயிலைவிட இது மூத்தது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். முஹர்ரக்கில் ஷேக் ஈசா வீட்டில், காற்றுக் கோபுரத்துக்குக் கீழே நிற்க வைத்து, மேலே போகிற காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்குகிற வித்தையைக் காட்டினேன். ஏசி இல்லாத காலத்து ஏசி. பொதுப்பணித்துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய மாமா, சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணு எங்க டிவிஷன் ஆபீஸ்ல கட்டியிருந்தா நான் பி.பி. மாத்திரையே போட்டிருக்க மாட்டேன்" என்றார்.

மியூசியத்தில்தான் வண்டி தடம் மாறியது. தேசிய அருங்காட்சியகத்தில் தரை முழுக்க பஹ்ரைனின் படம், வானத்திலிருந்து எடுத்தது. அதன் மேலேயே நடக்கலாம். சின்னவன் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தான். அத்தை அதெல்லாம் பார்க்காமல் நேராக ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் போய் நின்றுவிட்டார். உள்ளே மண் கிண்ணம், கிண்ணத்துக்குள் சுருண்ட பாம்பின் எலும்பு. கோட்டையில் 1950களில் டென்மார்க் ஆட்கள் தோண்டியபோது தரைக்கு அடியில் கிடைத்தவை. பாம்பைக் கிண்ணத்தில் வைத்து, சிலவற்றில் கூடவே மணியோ முத்தோ போட்டு, மூடிப் புதைத்திருக்கிறார்கள். என்ன வேண்டுதலோ என்னவோ. நான் படித்துச் சொல்லி முடிப்பதற்குள் அத்தை தீர்ப்பே எழுதிவிட்டார். "நாக தோஷம். நயினார்கோவில்ல நம்ம செய்யிறோம்ல, அதேதான். இவங்க முத்தைப் போட்டுப் பண்ணியிருக்காங்க, வசதி." அதற்கப்புறம் எங்கே போனாலும் அத்தைக்கு ஒரே தேடல்தான், இது நம்மூரில் எது என்று. மாமாவுக்கு நேர்மாறு. இதெல்லாம் நம்மூரில் எதுவும் இல்லை என்று நிரூபிப்பதே அவருக்கு வேலை.

வெள்ளிக்கிழமை ஃபாதே பெரிய பள்ளிவாசலில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அனுமதி இல்லை. அதனால் வெள்ளிக்கு மரம் என்று ஒதுக்கியிருந்தேன். ஷஜரத் அல் ஹயாத், அதாவது வாழ்வின் மரம். மனாமாவிலிருந்து தெற்கே நாற்பது கிலோமீட்டர், ரிஃபா தாண்டினால் கட்டடங்கள் குறைந்து, சாலையோரம் எண்ணெய்க் குழாய்கள் ஓட ஆரம்பிக்கும். ஆங்காங்கே எண்ணெய் இறைக்கிற பம்புகள் நின்ற இடத்திலேயே தலையாட்டிக்கொண்டிருக்கும். வளைகுடாவின் அரபுக் கரையில் முதல்முதலாக எண்ணெய் கிடைத்ததே இங்கேதான், 1932ல், என்று நான் கைடு மாதிரி சொல்லிக்கொண்டு வந்தேன். "நம்ம வழுதூர்லயும்தான் கேஸ் எடுக்கிறான், அதை யாரும் வண்டி வச்சுப் போய்ப் பாக்குறதில்ல" என்றார் மாமா. குழாய் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று வழி நெடுகச் சோதனை வேறு.

பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் மணல், கல், தொலைவில் குழாய்கள். நடுவில் ஒரு மேட்டில் இந்த மரம், முப்பதடி உயரம், நானூறு வருஷத்துக்கு மேல் வயது. கிளைகள் எல்லாம் கனம் தாங்காமல் தரையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அப்புறம் மறுபடி எழுந்து நிற்கின்றன. இலையெல்லாம் பச்சை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த ஊரில் எல்லாரும் தலையில் கை வைத்துக்கொள்கிற மர்மம். ஏதேன் தோட்டமே இங்கேதான் இருந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு.

நான் அந்த ஏதேன் தோட்டத்தில் வாயைத் திறக்கிறேன், மாமா சொல்கிறார்: "ஏம்மா, இது சீமைக்கருவைல்ல?"

மாமாவைத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு சொல் போதும். ராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய்களில் அவர் சர்வீஸ் முழுக்கப் போர் தொடுத்தது சீமைக்கருவையோடு. வெட்ட வெட்ட முளைத்தது, வேரோடு பிடுங்கினால் பக்கத்துக் கண்மாயில் முளைத்தது, கடைசியில் 2017ல் மதுரைக் கோர்ட்டே அதை ஒழிக்கச் சொல்லி உத்தரவு போட்டபோது மாமா வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னார். அப்படிப்பட்ட மனுஷனைக் கடல் தாண்டிக் கூட்டிவந்து, ஒரு நாட்டின் பெருமை என்று இதைக் காட்டினால்? "மர்மமாவது மண்ணாங்கட்டியாவது. கருவை வேர் தண்ணி எங்க இருந்தாலும் மோப்பம் பிடிச்சுப் போயிரும். என்கிட்ட கேட்டிருந்தா ஒரே லெட்டர்ல பதில் எழுதியிருப்பேன்."

அத்தை ஒன்றும் பேசவில்லை. கிட்டே போய், தாழ்ந்திருந்த ஒரு கொப்பைக் கூர்ந்து பார்த்தார். இலையைத் தொடாமல் முகர்ந்தார். அப்புறம் செருப்பைக் கழற்றினார்.

"வன்னி" என்றார்.

அவ்வளவுதான். விருத்தாசலத்தில் தலமரமாக நிற்கிற வன்னி, பாண்டவர்கள் ஆயுதத்தை மறைத்து வைத்த வன்னி, விஜயதசமிக்கு சாமி அம்பு போடுகிற வன்னி. மணலில் வெறுங்காலோடு அத்தை மரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். அங்கே செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் பெண்கள் விலகி வழி விட்டார்கள். காவலாளி எழுந்து வந்து, இந்தம்மா கிளையை ஒடிக்கவும் இல்லை, மரத்தில் பெயர் செதுக்கவும் இல்லை என்று பார்த்து, திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார். மரத்தில் கிறுக்கி வைக்கிறவர்களைப் பிடிப்பதுதான் அவர் கவலை, பாவம், பிரதட்சிணத்துக்குச் சட்டம் எதுவும் இல்லை போல.

மாமா பின்னாலேயே நடந்துகொண்டு வாதாடினார். வன்னி என்றால் இலை இப்படி இருக்காது, அப்படி இருக்கும். அத்தைக்குச் சுற்று எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. மாமா மறுபடி குறுக்கே பேச, மறுபடி முதலிலிருந்து. "ஏங்க, ஒம்பது சுத்து முடியிற வரைக்கும் வாயை மூடிட்டு வாங்களேன்!" என்று அத்தை அந்தப் பாலைவனமே அதிரப் போட்ட சத்தத்தில்தான் இந்தப் பேச்சுவார்த்தை முறிந்தது. அப்போதும் பாருங்கள், மாமாவின் ஒரு கையில் அத்தையின் செருப்பு. மணலில் கிடந்தால் யாராவது மிதித்துவிடுவார்கள் என்று எடுத்து வைத்துக்கொண்டாராம். செருப்பைப் பிடித்துக்கொண்டு கருவையின் குணங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார்.

அந்த நேரம் பார்த்து ஒரு ராஜஸ்தான் குடும்பம் வந்து இறங்கியது. ஜோத்பூர் பக்கமாம். அந்த வீட்டுப் பெரியம்மா காரிலிருந்து இறங்கி, மரத்தைப் பார்த்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர்களுக்கு இதுதான் மாநில மரம், கேஜ்ரி. வன்னிக்கு அங்கே அந்தப் பெயர். அத்தைக்கு ஹிந்தி தெரியாது, அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். இதன் காயைக் காய வைத்து, மிளகாய் போட்டு வதக்கி, கம்பு ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வார்களாம். இவ்வளவும் கைஜாடையிலேயே அத்தைக்குப் புரிந்துவிட்டது. நான் இத்தனை வருஷமாக ஹிந்தியில் மல்லுக்கட்டியும் மீன் மார்க்கெட்டில் அரை கிலோ கேட்டால் இரண்டு கிலோ போடுகிறான்.

மாமா அசரவில்லை. "ஒரு டெஸ்ட் இருக்கு" என்று எல்லாரையும் கூப்பிட்டார். கருவைக்கு முள் இலைக் கணுவில்தான் கிளம்பும். வன்னிக்குக் கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில், தண்டெல்லாம் இருக்கும். முப்பது வருஷ அனுபவம் பேசுகிறது. கீழே காய்ந்து விழுந்திருந்த விரல் நீளக் குச்சி ஒன்றை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். வெயிலுக்குத் திருப்பிப் பிடித்தார். சின்னவன் எட்டிப் பார்த்து, "தாத்தா, நடுவுலதான் முள்ளு இருக்கு" என்றான்.

மாமா குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "காஞ்ச குச்சியை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது காரில் சத்தமே இல்லை. 2010ல் இந்த மரத்துக்குப் பக்கத்தில் தோண்டியபோது ஐந்நூறு வருஷத்துப் பானைகள் கிடைத்ததாம் என்று இவர் பேச்சை மாற்றப் பார்த்தார். "ஆள் இருந்திருந்தா கிணறு இருந்திருக்கும். கிணறு இருந்தா ஊத்து இருக்கும். அப்புறம் என்ன மர்மம்?" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார் மாமா. ஞாயமான பேச்சுதான், ஆனால் அதை ஒத்துக்கொள்ள அந்தக் காரில் யாருக்கும் தைரியம் இல்லை.

இப்போது மாமா அந்தக் குச்சியைப் படம் எடுத்து, ஓய்வு பெற்ற பொறியாளர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டிருக்கிறார். ஒருவர் வன்னி என்றார், ஒருவர் கருவை என்றார், ஒருவர் கருவேலமரக் கரி மூட்டை இப்போது என்ன விலை என்று விசாரித்தார், மற்ற எல்லாரும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். மாமா அந்த ரோஜாக்களையும் தன் கட்சி ஓட்டாகவே எண்ணுகிறார்.

அத்தை வேறு கணக்கில் இருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமையும் மரத்துக்குப் போக வேண்டுமாம், விளக்குப் போட. பாதுகாக்கப்பட்ட மரம், நெருப்புப் பக்கத்திலேயே போகக்கூடாது, போலீஸ் பிடிக்கும் என்று இவர் பயமுறுத்திப் பார்த்தார். "சரி, விளக்கு வேண்டாம். ஒரு குடம் தண்ணியாவது ஊத்திட்டு வரலாம். இத்தனை வருஷம் யாரும் ஊத்தலையாமே, பாவம்." ஹாலிலிருந்து மாமா, அந்த மண்ணுக்கு ஒரு குடமெல்லாம் பத்தாது, இருபது லிட்டர் கேன் இரண்டாவது வேண்டும் என்று உத்தேச மதிப்பீடு கொடுக்கிறார். நானூறு வருஷம் தண்ணீர் இல்லாமல் நின்ற மரத்துக்கு நாங்கள் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டு போகப் போகிறோம்.

அந்த வெள்ளிக்கு சவூதிப் பாலம் போட்டிருந்தேன். இருபத்தைந்து கிலோமீட்டர், கடல் நடுவே, பாதி வழியில் தீவு. பெரிதாகப் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. காட்டிக் கேட்டால், "அங்க என்ன மரம் இருக்கு?" என்கிறார் அத்தை.