கத்திரியும் பிபிஆரும்

மே 5
சின்ன எஸ்எஃப்சி மெஷினில் ஓடும் மெத்தடைப் பெரியதுக்கு மாற்றும் வேலை. எஸ்எஃப்சி என்றால் அழுத்திய கார்பன் டை ஆக்சைடை ஓடவிட்டுக் கலவையைப் பிரிப்பது; பிரிப்பு நடப்பது காலமில் (column, துகள் அடைத்த குழாய்). சின்ன மெஷினில் 4.6 × 150 மி.மீ. காலம் (விட்டம் × நீளம்), துகள் 3 மைக்ரான். பெரியதில் 21.2 × 250, 5 மைக்ரான். கைரல் பேஸ் (கண்ணாடி பிம்ப மூலக்கூறுகளைப் பிரிக்கும் அடைப்புப் பொருள்) இரண்டிலும் ஒன்றுதான். மெத்தனால் 30 சதவீதம், மீதி கார்பன் டை ஆக்சைடு, 40 டிகிரி, பிபிஆர் (காலமுக்குப் பின்னால் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு) 120 பார். ஃப்ளோ விட்டத்தின் வர்க்கப்படி ஏறும்: 21.24 மடங்கு, 3 மி.லி. போய் 64. இன்ஜெக்‌ஷனுக்கு நீளத்தையும் சேர்த்தால் 35.4 மடங்கு, 5 மைக்ரோலிட்டர் போய் 177. ரிட்டென்ஷன் நேரம் (பொருள் காலமிலிருந்து வெளிவர ஆகும் நேரம்) 1.67 மடங்காக வேண்டும்.

மே 6
ஆகவில்லை. பிரிந்து வரும் இரண்டு பொருளின் பீக்கும் (வரைபட முகடு) பின்னால் தள்ளிப் போகின்றன.

மே 7
இரண்டு மெஷினிலும் 120 என்று போட்டுவிட்டால் ஒரே மெத்தட் ஆகிவிடாது. ரிட்டென்ஷனைத் தீர்மானிப்பது காலமுக்குள் இருக்கும் அடர்த்தி. பம்ப் காட்டும் எண்ணிலும் டியூபிங் தின்றது கலந்திருக்கும். அதைப் பிரிக்க, காலமைக் கழற்றி யூனியன் (வெறும் இணைப்பான்) போட்டு அதே ஃப்ளோவில் ஓட்ட வேண்டும்.

சின்னது: பம்ப் 260, யூனியனோடு 170. பிபிஆரின் 120 போக, டியூபிங்குக்கு 50 போகிறது. முன்னும் பின்னும் பாதிப் பாதி என்றால் காலமின் வாயில் 235, கடைசியில் 145, சராசரி 190.
பெரியது: பம்ப் 180, டியூபிங் 10தான். 175, 125, சராசரி 150.

40 பார் குறைவு. அடர்த்தி குறைந்தால் கரைக்கும் வலுவும் குறையும், பீக் தாமதிக்கும். ஈடுகட்ட பிபிஆர் 160.

மே 8
160இல் காலை ரன் அச்சாக உட்கார்ந்தது. மதியம் 1 மணிக்கு மறுபடி நழுவல்.

மே 9
காரணம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஷெட். தகரக் கூரை, கத்திரி வெயில், எண்ணூர் பக்கம் கடற்காற்று இன்னும் திரும்பவில்லை. 31.1 டிகிரி தாண்டினால் சிலிண்டருக்குள் திரவமே கிடையாது. அடியிலிருந்து திரவத்தை எடுக்கும் சைஃபன் குழாய் இருந்தும் பயனில்லை. சின்ன பம்ப் நிமிடத்துக்கு 2 மி.லி.தான் இழுக்கிறது, பம்பைக் குளிர்விக்கும் சில்லர் சமாளித்துவிடுகிறது. பெரியது இழுப்பது 45. பம்ப் ஹெட்டுக்குக் குளிராமலே கேஸ் வந்தால் ஒரு ஸ்ட்ரோக்குக்குப் போகும் நிறை குறையும், மெத்தனால் பங்கு தானாகக் கூடும். இந்த நழுவல் முன்பக்கமாகத்தான் இருக்கும். பிபிஆரைத் திருகி இதைச் சரிக்கட்டப் பார்ப்பது வீண் வேலை.

மே 10
சிலிண்டர் மேல் ஈரச் சாக்கு. ப்ரீ-கூலர் (பம்புக்கு முன்பே கேஸைக் குளிர்விப்பது) இன்னும் வரவில்லை.

மே 12
பெரியதின் செட்டிங் கிராமில். கன அளவில் 30 சதவீதம் மெத்தனால் என்பது எடையில் சுமார் 27தான். அங்கே 30 என்றே அடித்தால் பீக் முந்தும், பழி வெயில் மேல் விழும்.

மே 13
கரண்ட் இல்லை. வந்தாலும் சில்லர் 5 டிகிரிக்கு இறங்கும்வரை பம்பைத் தொடக்கூடாது.