மஞ்சள் ஒட்டாத பத்திரிகை

"இதுல மஞ்சள் ஒட்டாதே, தாயி."

தம்பி கல்யாணப் பத்திரிகைக்காக நான் பதினைந்து நாள் உட்கார்ந்து செய்த டிசைனை மாமா ஒரே வரியில் முடித்துவிட்டார். மேட் லேமினேஷன் போட்ட மாதிரி அட்டை ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மஞ்சளைக் குழைத்து அதன் மூலையில் கட்டை விரலால் இழுத்துக் காட்டினார். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. "நாலு மூலைக்கும் மஞ்சள் வைக்காம உங்கம்மா யாருக்குப் பத்திரிகை குடுப்பா?"

மாமா மதுரையில் மாசி வீதிகளுக்கு நடுவே ஒரு சந்தில் சின்ன அச்சகம் வைத்திருக்கிறார். நான் சென்னையில் கிராஃபிக் டிசைனர். எட்டு வருட அனுபவம். ஆனால் திரையில் பார்த்துத் திரையிலேயே முடிகிற வேலைதான் அதிகம். மஞ்சள் மட்டுமா? ஃபைலைத் திறந்தால் 'கொ' என்ற எழுத்தில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். கறுப்பு எழுத்தை நாலு கலரையும் கலந்து கொடுத்திருந்தேன்; அச்சில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு பிளேட். "பொடி எழுத்துல நாலு பிளேட்டும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காரணும்னா கோயிலுக்குத்தான் நேந்துக்கணும். தனிக் கறுப்புல குடு." அதோடு, "மூணு நாள் மெஷின் ஃப்ரீ இல்ல, நோட்டீஸ் ஓடுது. அங்கிட்டு இங்கிட்டு ஊரச் சுத்திட்டு வா" என்றார். அப்படி வாய்த்ததுதான் இந்தப் பயணம்.

முதல் நாள் விடியும் முன் மாங்குளம். மதுரைக்கு வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டர். மீனாட்சிபுரம் என்ற ஊரை ஒட்டிய மலை. ஏறுவது கொஞ்சம் மூச்சு வாங்கும். மேலே குகைத்தளங்கள், சமணத் துறவிகளுக்கு வெட்டிய கற்படுக்கைகள், மழைநீர் உள்ளே வழியாமலிருக்க நெற்றிப் பாறையில் ஒரு காடி, அதாவது நீளமாக வெட்டிய பள்ளம். அந்தக் காடியை ஒட்டித்தான் தமிழ் பிராமி எழுத்து. 1882இல் ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவல் கண்ணில் பட்டவை. நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது, வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழுவான 'நிகமம்' இருக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பது கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவனின் கணிப்பு.

வரலாற்றை விடுங்கள். டிசைன் வேலை பார்ப்பவராக அந்த எழுத்தைப் பாருங்கள். பெரும்பாலும் நேர்கோடு. தடிமன் ஒன்றேதான், ஏற்ற இறக்கம் இல்லை. உளி நேராக ஓடும், வளைக்கச் சொன்னால் முரண்டு பிடிக்கும். அதனால் 'க' ஒரு கூட்டல் குறி, அவ்வளவுதான். மெய்யெழுத்துக்குப் புள்ளியும் கிடையாது. இன்று லோகோவுக்காக நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டு 'மினிமல்' என்று செய்வதை, வேறு வழியில்லாமல் ஒருவர் பாறையில் செய்துவைத்திருக்கிறார்.

போகிறவர்களுக்கு ஒன்று: உச்சி வெயிலில் போனால் வெறும் பாறைதான் தெரியும். காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது கீறலுக்குள் நிழல் இறங்கும். அப்போதுதான் எழுத்து எழுந்து வரும். படத்தில் பளிச்சென்று விழ வேண்டுமென்று சாக்பீஸால் எழுத்தின் மேல் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோபமாக வருகிறது. கல்வெட்டுத் துறையினர் எடுக்கும் மைப்படியைப் பார்த்திருக்கிறீர்களா? கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தாக ஊர் வந்து சேரும். அதுவும் அச்சுதானே! பாறையே பிளேட்.

மதியம் அப்படியே ஊரின் மறுகோடிக்கு, மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துமுறை. மாங்குளத்துக்கும் இதற்கும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளி. காலையில் பார்த்த கோடெல்லாம் இங்கே சுருண்டு கிடக்கிறது. ஏன் என்று கேட்டால் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் ஓலை. நரம்போடு ஒட்டி நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும். அதனால் எழுத்தாணி வளைந்து பழகியது. அழுத்திப் புள்ளி வைத்தால் பொத்துக்கொள்ளும் என்று ஏடு எழுதியவர்கள் புள்ளியையும் விட்டார்கள். ஓலையில் பழகிய கை கல்லுக்கு வந்தபோது அந்த வளைவும் கூடவே வந்துவிட்டது. எழுத்தைத் தீர்மானிப்பது எழுதுகிறவர் மட்டுமில்லை, கையில் இருப்பதும் அடியில் இருப்பதும்தான் என்று எனக்குப் பட்டது அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து மோர் குடிக்கும்போதுதான். லேமினேஷன்மேல் மஞ்சள் ஒட்டாததற்கும் இதற்கும் ரொம்ப தூரமில்லை.

இரண்டாம் நாள் கீழடி. 2023இல் திறந்த அருங்காட்சியகம். கூட்டம் அதிகம், பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக. நான் பானையோட்டுப் பெட்டிகளைத் தாண்டவில்லை. 'ஆதன்', 'குவிரன்' என்று சொந்தப் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். இது கல்வெட்டுபோல் முறைப்படி செய்த வேலையில்லை. நம் வீட்டு எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுவோமே, அந்த ரகம். கோணல்மாணலான அந்தக் கோட்டில் இருக்கும் உயிர் எந்த எழுத்துருவிலும் இல்லை.

திரும்பி வந்து புது மண்டபம் பக்கம் போனால் பழைய கடைகள் அங்கில்லை. பாத்திரம், தையல், புத்தகம் என்று மண்டபத்துக்குள் இருந்தவை குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அங்கே தேடி ஒரு 'பெரிய எழுத்து'க் கதைப் புத்தகம் வாங்கினேன். சாணித்தாள் மாதிரியான காகிதம், மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படங்களின் நகல், பழைய 'ணை', 'லை'. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு அந்த எழுத்துகளுக்கு முன்னால் யானைத் துதிக்கைபோல ஒரு சுழி வரும். டிசைனருக்கு அது விருந்து. ஆனால் ஆசைப்பட்டுப் பத்திரிகையில் போட்டுவிடாதீர்கள். முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் தடுமாறுவார்கள்; என் தம்பியிடமே காட்டிச் சோதித்துவிட்டேன்.

விளக்குத்தூண் பக்கம் அம்மாவுக்கு ஒரு சுங்குடிச் சேலை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். மாமா கையில் லென்ஸைக் கொடுத்து, ஓடிக்கொண்டிருந்த நோட்டீஸைப் பார்க்கச் சொன்னார். சிரித்த முகத்துத் தலைவர் முழுக்கப் புள்ளிகள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நாலு புள்ளிக்கட்டும் வேறு வேறு சாய்வில் நிற்கும். ஒரே சாய்வில் நின்றால் வலை விழுந்ததுபோல் படம் கெடும். சுங்குடியிலும் புள்ளிதான். ஆனால் துணியைக் கிள்ளி நூலால் முடிந்து சாயத்தில் முக்கி எடுத்தது, ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

மாமாவுக்கு என்னிடமிருந்து ஒரு கைம்மாறு. அவர் கணினியில் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருதான். யூனிகோடில் வந்த செய்தியை ஒட்டினால் குப்பையாகிறது என்று, அதையெல்லாம் உட்கார்ந்து திரும்பத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். யூனிகோடைப் பாமினியாக மாற்றும் மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். அடோபி மென்பொருளில் தமிழ் உடைந்தால் பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி காம்போசர்' என்று ஒன்றிருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் கொம்பும் காலும் தம் இடத்துக்கு வந்துவிடும் என்று காட்டினேன். (என் ஃபைலில் நானே அதை மறந்திருந்தது தனிக்கதை.) இலவச எழுத்துருக்களில் 'ஹிந்த் மதுரை', 'அரிமா மதுரை' இரண்டையும் இறக்கிக் கொடுத்தேன். முதலாவது உள்ளடக்கத்துக்கு, பொடி எழுத்திலும் தெளிவு. இரண்டாவது தலைப்புக்கு, முனையெல்லாம் மழுங்கி இருக்கும். இப்போது 'அரிமா' என்று மட்டும் தேடினால்தான் கிடைக்கும். இவற்றோடு முக்த மலர், கேட்டமரான், பலூ தம்பி. எல்லாமே திறந்த உரிமத்தில் வருபவை, வாடிக்கையாளர் வேலைக்கும் தயங்காமல் போடலாம். மாமா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "மதுரைன்னு பேரு வச்சிருக்கானே, ஒரு நாளாச்சும் மதுரைக்கு வந்திருப்பானா?"

மூன்றாம் நாள் மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறி சிவகாசி. எழுபது கிலோமீட்டருக்கு மேல், விருதுநகர் வழி. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி என்றால் லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சு வேண்டும். பட்டாசு வந்ததும் பெட்டிக்குப் படம் வேண்டும். இந்தக் கரிசல் வெயிலில் ஊரெல்லாம் அச்சகமாக நிற்பதற்கு அப்படித்தான் வித்து விழுந்தது.

மாமாவுக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் அச்சகத்தைச் சுற்றிக் காட்டினார். ஆடிப்பெருக்குக்கு அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டுவிடுவார்கள். காலண்டர் வேலை மும்முரமாகிவிட்டால் இங்கே பேசக்கூட ஆள் கிடைக்காது. போவதானால் காலம் பார்த்துப் போங்கள். சாமி படங்கள் அடுக்கடுக்காக: கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவும் சீடர்களும் போட்ட பாதை. நாடகத் திரை வரைந்த கை அவருடையது. காலண்டர் முருகனுக்குப் பின்னால் தெரியும் மலையும் அருவியும் மேடைத் திரைபோலத் தோன்றுவது அதனால்தான் என்பது என் ஊகம்.

ஆனால் நான் அசந்து நின்றது படத்தின் முன்னால் இல்லை, அதன் கீழே தொங்கும் தினசரித் தாளின் முன்னால். உள்ளங்கை அகலத் தாள். நடுவில் எட்டடி தள்ளி நின்றாலும் தெரியும் தேதி. அதைச் சுற்றித் தமிழ்த் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம், ராசிபலன். இத்தனையையும் தேடுகிறவர் கண் ஒரு நொடியில் சரியான இடத்துக்குப் போகிறது. ஞாயிறும் விடுமுறையும் சிவப்பு, வேறு விளக்கம் தேவையில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு செயலியின் முகப்புத் திரைக்கு நாலு மாதம் கூட்டம் போட்டோம்! அண்ணாச்சியிடம் இதை யார் வடிவமைத்தது என்று கேட்டேன். "வடிவமைப்பா? அது அப்பா காலத்துல இருந்து அப்படித்தாம்மா இருக்கு. எங்கயாச்சும் மாத்துனா வாங்குனவங்க போன் போட்டுருவாங்க."

அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டவை: ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதல் விடாத ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எழுத்தையெல்லாம் 'கர்வ்' பண்ணி, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர்கள் கணினியில் வேறு எழுத்துரு வந்து உட்காரும். மெஷின் தாளைக் கவ்வும் பக்கம் கிரிப்பருக்கு இடம் வேண்டும். அளவை டெமி, கிரவுன் என்று தாள் அளவின் பெயரால் சொல்லப் பழகுங்கள். டெமி 1/8 என்றால் ஏறக்குறைய ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், கடையில் பார்க்கும் பாதித் தமிழ்ப் புத்தகங்கள் அதுதான். தாளில் வராத அளவைக் கேட்டால் வெட்டிப்போடும் கழிவுக்கும் சேர்த்து நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும். என் பத்திரிகை அளவு அப்படிப்பட்டதுதான். அரை அங்குலம் குறைத்திருந்தால் ஒரு தாளில் இரண்டு அட்டை அதிகம் விழுந்திருக்கும்.

ராத்திரி மதுரை திரும்பி, மாமா கடையிலேயே உட்கார்ந்து திருத்தினேன். லேமினேஷன் போச்சு, பூச்சில்லாத சொரசொர அட்டை. அளவு குறைந்தது. எழுத்து தனிக் கறுப்பு. தாய்மாமன் பெயரை எழுத்தளவில் ஒரு பாயிண்ட் பெரிதாக்கினேன், அவர் கேட்காமலேயே.

முதல் ப்ரூஃப் எடுத்ததும் மாமா மஞ்சளைத் தேடவில்லை, சிவப்புப் பேனாவைத் தேடினார். மணப்பெண் பெயருக்கு முன்னால் 'திருவளர்ச்செல்வி' என்று போட்டிருந்தேன்.

"வினைத்தொகை தாயி, இங்க ஒற்று மிகாது" என்று 'ச்'சைச் சுழித்தார். பேனா நின்ற இடத்தில் அந்தப் புள்ளி அட்டையில் ஊறிப் பரவியது. அதைப் பார்த்துவிட்டு, "இதுல மஞ்சள் நல்லா பிடிக்கும்" என்றார்.