"அழுதனியே பிள்ளை?"

கிளிநொச்சியில் எங்கள் ஊரான முரசுமோட்டைக்கு வந்த மறுநாள் காலை, தேத்தண்ணியோடு வந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டா. "ராத்திரி முழுக்க அழுதனியே பிள்ளை?"

அழவில்லை. நான் போடும் குளிசை கண்மடலை வீங்க வைக்கும், வெயில் ஏற வடிந்துவிடும். ஸ்கார்பரோவில் முதல்முறை கண்ணாடியில் இந்த முகத்தைப் பார்த்தபோது நானும் பயந்தேன். அடுத்த கிளினிக்குக்கு 3 கிழமை இருந்தது. போனில் எங்கள் வருத்தக்காரர் குழுவில் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் 4 நாடுகளில் இருந்து 4 பேர் தங்கள் காலை முகத்தைப் படமெடுத்து அனுப்பினார்கள். எல்லாருக்கும் அதே கண். தலையணையை உயர்த்திப் படு, தாதியிடமும் சொல்லிவை என்றார்கள்.

கனடாவுக்குப் போன மூன்றாவது வருடம் வந்தது இது. இரைப்பைச் சுவரில் புற்றுநோய்க் கட்டி, பெயர் ஜிஸ்ட். வருடத்துக்குப் 10 இலட்சம் பேரில் 10 முதல் 15 பேருக்குத்தான் வரும். கிளிநொச்சி மாவட்டம் முழுவதையும் எடுத்தாலும் வருடத்துக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். ஸ்கார்பரோவில் தமிழருக்குப் பஞ்சமில்லை, ஆனால் இதைச் சொல்லத்தான் ஆளில்லை. சொன்ன இரண்டு பேரில் ஒருவர் முள்ளுச்சீத்தா இலையை அவித்துக் குடிக்கச் சொன்னார். மற்றவர் தன் மகளின் கலியாணப் பேச்சு முடியும்வரை வெளியில் கதைக்கவேண்டாம் என்றார். சொந்தக்காரர்தான்.

நம்மவர் இருவர் சந்தித்தால் முதல் கேள்வி "எந்த ஊர்?" குழுவில் "எந்த எக்சோன்?" கிட் என்ற மரபணுவில் எந்தத் துண்டில் பிழை என்பதுதான் அது. 11 என்றால் நாங்கள் போடும் குளிசை, இமாட்டினிப், பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். 9 என்றால் பலருக்கு 400 மில்லிகிராமை 800 ஆக்குவார்கள். அப்படி ஒரு சோதனை இருப்பதே எனக்குத் தெரியாது. அவர்கள் சொல்லித்தான் கேட்டேன். நான் 11ஆம் ஊர்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. ஒன்டாரியோவில் ஆஸ்பத்திரியில் ஏற்றும் மருந்துக்குக் காசில்லை, வீட்டில் போடும் குளிசைக்குக் காசு. வேலைத்தலத்தில் காப்புறுதி இல்லாத நான் விழி பிதுங்கி நின்றபோது, மருந்துச் செலவுக்கு மாகாண அரசு உதவும் ட்ரிலியம் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஒவ்வொரு பெட்டியிலும் என்ன எழுதுவதென்று காட்டித் தந்தவர் நியூஃபவுண்ட்லாந்தில் இருக்கும் ஒரு மீன்பிடிக்காரரின் மனைவி. இந்த மருந்தை அமெரிக்காவில் ஜிஸ்டுக்கு அனுமதித்தது 2002இல். போரில் மூடிக் கிடந்த ஏ9 பாதை திறந்து நாங்கள் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறிய அதே வருடம். அதற்கு முன் வந்தவர்களுக்குக் கத்தியை விட்டால் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

குழுவில் ஒருவர் சிலகாலம் பேசாமல் இருப்பார். பிறகு அவர் பெயரிலேயே அவருடைய மனைவி எழுதுவா. முதல்முறை அதை வாசித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். 2009இல் முகாமில் பெயர்ப் பட்டியல் தேடித் திரிந்தவளுக்கு இன்னொரு பட்டியலா என்று இருந்தது. இரண்டு கிழமை பக்கமே போகவில்லை. அப்புறம் ஒருநாள் இரவு கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. கேட்க வேறு ஆளில்லை, திரும்பிப் போனேன்.

சரி, முரசுமோட்டைக் கதைக்கு வருகிறேன். என் கண்ணைப் பார்த்த பக்கத்து ஒழுங்கை மாமி, அம்மா உள்ளே போனதும் சீலைத் தலைப்பிலிருந்து ஒரு குளிசை மட்டையை எடுத்துக் காட்டினா. அதே இமாட்டினிப். வீட்டில் மகனுக்கு மட்டும்தான் தெரியுமாம். மருமகள் எழும்ப முன்னம், விடியப்புறம் வெறும் வயிற்றில் போட்டுவிட்டுக் கிணற்றடியில் சத்தியெடுப்பாவாம். 3 வயதுப் பேரன் மடியில் இருந்து மட்டையைப் பறிக்கப் பார்த்தான்.

"வெறும் வயிற்றில் வேண்டாம் மாமி. புட்டோ சோறோ சாப்பிட்டுப் போட்டு, பெரிய கிளாஸ் தண்ணியோட போடுங்கோ. கிளினிக்கிலயும் சத்தியைச் சொல்லுங்கோ." நியூஃபவுண்ட்லாந்துக்காரி எனக்குச் சொன்னதுதான் என்றேன், புட்டு மட்டும் என்னுடையது.

"அந்தப் பொம்பிளை எத்தினை வருசமாப் போடுறா?"

"16."

மாமி பேரனின் தலையைத் தடவியபடி விரல் மடித்தா. "அப்ப இவன் ஏ.எல். சோதனை எடுத்து முடிச்சிடுவான்," என்றா.