ஆஸ்பிரின் எனக்குத் தரப்பட்ட வழி

எங்கள் அப்பா குடியாத்தத்தில் கைலி நெய்தவர். மலத்தில் இரத்தம் போனபோது, தறிக்குழியில் உட்கார்ந்தே இருப்பதால் வந்த மூலம் என்று நம்பி, இரண்டு ஆண்டுகள் துத்திக்கீரையும் மோரும் கொடுத்துப் பார்த்தோம். பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது கல்லீரலுக்குப் பரவியிருந்தது. 46 வயதில் போய்விட்டார்.

பல ஆண்டுகள் கழித்து அக்காவுக்குக் கருப்பையில் புற்றுநோய் வந்தது. வேலூரில் அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர், அத்தை எதனால் இறந்தார், தாத்தாவுக்கு அப்போது என்ன வயது என்றெல்லாம் கேட்டு, வட்டமும் சதுரமுமாக எங்கள் வம்சத்தையே ஒரு தாளில் வரைந்தார். நோய் கண்டவர்களை அவர் பேனாவால் நிரப்பிக்கொண்டே வந்தபோது, அப்பா வழியில் தலைமுறைக்குத் தலைமுறை கறுத்திருந்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

செல் பிரியும்போது டி.என்.ஏ.வில் விழும் பிழைகளைத் திருத்த வேண்டிய மரபணுக்களில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருப்பதற்கு லிஞ்ச் நோய்க்குறி என்று பெயர். அது உள்ளவர்களுக்குப் பெருங்குடலிலும் கருப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். அக்காவின் கட்டியையும் பிறகு இரத்தத்தையும் சோதித்ததில், எம்.எஸ்.எச்.2 என்ற மரபணுவில் அந்தப் பழுது இருப்பது உறுதியானது. உடன்பிறந்தவர்களுக்கும் அது இருக்கச் சரிபாதி வாய்ப்பு உண்டு என்பதால் நானும் தம்பியும் இரத்தம் கொடுத்தோம். இருவருக்கும் இருந்தது.

கேமராக் குழாயை உள்ளே விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில், என் வலப்பக்கக் குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சிகள் இரண்டைக் கண்டு, அப்போதே கம்பிக் கண்ணியிட்டு அகற்றினார்கள். இரண்டும் பின்னால் புற்றாக மாறக்கூடிய, ஆனால் இன்னும் மாறாத அடினோமா என்ற வகை. பிறருக்குப் பத்தாண்டு வரை பிடிக்கக்கூடிய அந்த மாற்றம் எங்களைப் போன்றவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளிலேயே நடந்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னார்.

அதன் பிறகுதான் ஆஸ்பிரின் பேச்சு வந்தது. லிஞ்ச் நோய்க்குறி உள்ள 861 பேரிடம் நடந்த ஓர் ஆய்வின் நீண்டகால முடிவு 2020-இல் வெளியானது. தினமும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் தரப்பட்ட 427 பேரில் 40 பேருக்கும், வெற்று மாத்திரை தரப்பட்ட 434 பேரில் 58 பேருக்கும் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தது. மாத்திரை தந்தது சராசரியாக இரண்டரை ஆண்டுகளுக்கும் குறைவுதான். பலன் தெரியத் தொடங்கியதோ அதற்கும் சில ஆண்டுகள் கழித்து. பாலிப்பின் வளர்ச்சிக்குத் துணைபோகும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்களை ஆஸ்பிரின் குறைக்கிறது. பழுதான செல்கள் தாமே மடியவும் அது தூண்டக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிழையுள்ள செல் புற்றாகும் முன்பே அதைத் தடுக்க ஒரு மருந்து உண்டு என்பது, அப்பாவைப் பறிகொடுத்த எனக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதைச் சொல்லி முடியாது.

ஆனாலும் ஆஸ்பிரினால் இரத்தக்கசிவு வரக்கூடும் என்பதால் மருந்துச் சீட்டு உடனே கிடைக்கவில்லை. வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான எச். பைலோரி கிருமி என்னிடம் இருந்ததால், முதலில் அதற்கு இரண்டு வாரம் மருந்து சாப்பிட்டேன். இரத்த அழுத்தமும் பார்த்தார்கள். எங்கள் ஊரில் டெங்கு வருவது வழக்கம் என்பதால், காய்ச்சல் கண்டால் அன்றே ஆஸ்பிரினை நிறுத்திவிட்டு வரச் சொன்னதை நான் காலண்டரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். இறுதியில் எனக்கு 300 மில்லிகிராம் எழுதினார்கள். அளவை ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். என் சீட்டைக் காட்டி யாரும் கடையில் வாங்கிவிடக் கூடாது.

தம்பிக்கும் அந்த மாத்திரை தரப்பட்டது. அதை விடாமல் சாப்பிட்டவன், “மாத்திரைதான் போடுறேனே அண்ணா” என்று சொல்லி அடுத்த கொலோனோஸ்கோபியைத் தள்ளிக்கொண்டே போனான். மாத்திரை வாய்ப்பைக் குறைக்கிறதே தவிர, முளைத்துவிட்ட பாலிப்பை எடுத்துப் போடுவதில்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவன் அசையவில்லை. சென்ற மாதம் அக்காவே அவன் வீட்டுக்கு வந்துவிட்டார். குடலைச் சுத்தம் செய்யும் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளராக, குடம் காலியாகும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து குடிக்க வைத்தார். மறுநாள் அவனிடமிருந்து ஒரு பாலிப் எடுக்கப்பட்டது.