இரண்டு 1992

முனைவர் பட்டத்தை நேபாளியில் 'வித்யாவாரிதி' என்பார்கள். வாரிதி என்றால் கடல். தமிழ் அகராதியிலும் அதுதான் பொருள். கடற்கரையே இல்லாத மலைநாட்டு மொழி இப்படியொரு பெயரை வைத்திருக்கிறதே என்று பதிவு செய்த அன்று சிரித்தேன். பிறகு ஆறு ஆண்டுகள் சிரிக்க நேரமில்லை.

அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றதும் டார்ஜிலிங் மலையில் உள்ள குர்சியாங்கிலேயே தங்கிவிட்டார். வீட்டில் தமிழ், தெருவில் நேபாளி என்று வளர்ந்த நான் அங்கேயே ஒரு பள்ளியில் நேபாளி ஆசிரியை ஆனேன். வகுப்பு, விடைத்தாள், மாதம் இருமுறை ஷேர் ஜீப்பில் சிலிகுரிக்கு இறங்கி நெறியாளரைப் பார்ப்பது. இவற்றுக்கு நடுவில்தான் ஆய்வு.

எடுத்துக்கொண்ட பொருள், தேயிலைத் தோட்டப் பெண்களின் பாடல்களில் வரும் 'ஜ்யாவுரே' சந்தம். பட்டிக்காட்டுப் பாட்டு என்று பண்டிதர்கள் ஒதுக்கிய சந்தத்தை எடுத்துத்தான் நேபாளிக் கவிஞர் லட்சுமிபிரசாத் தேவ்கோட்டா 'முனா மதன்' காவியத்தை எழுதினார். எங்கள் பாரதி சிந்துப் பாட்டைக் கையில் எடுத்ததைப் போல, என்று நெறியாளரிடம் பெருமையாகச் சொன்னேன். "முன்னுரையில் எழுதிவிடாதீர்கள் பஹினி (தங்கச்சி), அதற்கும் அடிக்குறிப்பு கேட்பார்கள்" என்றார்.

முதல் இயல் திரும்பி வந்தபோது அதில் ஒரே ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. 'முனா மதன், 1992.' பக்கத்தில் அவர் கையெழுத்தில்: "தேவ்கோட்டா 1959இல் காலமானார். 33 ஆண்டு கழித்து யார் எழுதிக் கொடுத்தார்கள்?" நான் பார்த்து எழுதிய பட்டியலில் இருந்தது நேபாள நாட்காட்டியின் விக்ரம் சம்வத் ஆண்டு. நம் கணக்கில் அது 1936. ஆண்டு ஏப்ரல் நடுவில் பிறப்பதால் சில நூல்களுக்கு 57 கழிக்க வேண்டும், சிலவற்றுக்கு 56. பள்ளி விடுமுறையில் உட்கார்ந்து அத்தனை குறிப்புகளிலும் கழித்தேன். வேகத்தில் இன்னொரு 1992இலிருந்தும் கழித்துவிட்டேன். இந்திய அரசியல் சட்டத்தின் 71ஆவது திருத்தத்தின் மூலம் கொங்கணி, மணிப்புரியோடு நேபாளி அதன் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் சேர்ந்த ஆண்டு அது. அசல் ஆங்கில ஆண்டு. அரசியல் சட்டம் பிறப்பதற்கு 15 ஆண்டுகள் முன்பே அதைத் திருத்திய பெருமை என்னைச் சேரும். இம்முறை நெறியாளர் ஒன்றும் எழுதவில்லை, ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

எழுத்துப்பிழை வேறு கதை. நேபாளிப் பேச்சில் இகரத்துக்கும் ஈகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. நாளைக் குறிக்கும் 'தின்', ஏழையைக் குறிக்கும் 'தீன்' இரண்டும் காதுக்கு ஒன்றே. தாளில்தான் குறில் நெடில் பார்க்க வேண்டும். என் மாணவர்கள் இதில் அழுவார்கள். தமிழ்க் காது எனக்குக் கைகொடுக்கும் என்றிருந்தேன். அதுவே காலை வாரியது. ஒலிப்பதிவைக் கேட்டுப் பாடல்களை எழுதும்போது, பாடுபவர் இழுத்த இடத்திலெல்லாம் கை தானாக நெடில் போட்டது. ராகத்தின் நீளம் வேறு, சொல்லின் நீளம் வேறு என்று பிரித்துக் கேட்கப் பழகுவதற்குள் இரண்டு இயல்கள் வீணாயின.

2017இல் பள்ளிகளில் வங்காள மொழி கட்டாயம் என்ற பேச்சு கிளம்பி, அது கோர்க்காலாந்து என்ற தனி மாநிலம் கேட்கும் போராட்டமாக மாறி, மலை 104 நாட்கள் அடைபட்டுக் கிடந்தது. இணையம் இல்லை, பள்ளி இல்லை. பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுத அவ்வளவு நேரம் அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை. ஆனால் ஒலிநாடாவில் பாடிக்கொண்டிருந்தவர்களின் வீடுகளில் அப்போது கூலி நின்றிருந்தது. அந்த இயலை இன்று படித்தாலும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பட்டம் வந்த பிறகு, அதிகப் பாடல்கள் தந்த தோட்டத்து அக்காவிடம் ஆய்வேட்டின் ஒரு படியை எடுத்துப் போனேன். தன் பாட்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டு, அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு இலை எடைபோடும் இடத்துக்கு இழுத்துப் போய் ஆய்வேட்டைத் தராசில் வைத்தார். இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

"ஆறு வருஷமா, மிஸ்?" என்றார்.